போட்டுலினம் நச்சு (முகப்பொலிவு மருத்துவம்)

போட்டுலினம் நச்சு, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் பாக்டீரியா சுரக்கும் புரதம். அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்றான இது, நுண்ணிய அளவில், அறுவையின்றி முகச் சுருக்கங்களைக் குறைக்கும் ஊசி மருந்தாகப் பயன்படுகிறது. போடாக்ஸ் என்பது இதன் புகழ்பெற்ற வணிகப் பெயர்.

நஞ்சாக அறியப்பட்ட காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டெம்பெர்க் பகுதியில், கெட்டுப்போன தொத்திறைச்சி உண்டவர்கள் தசை செயலிழந்து இறந்தனர். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினஸ் கெர்னர் நோய்க்குறிகளை விரிவாகப் பதிவுசெய்தார். சிறிதளவு கொடுத்தால் இந்த நஞ்சே மருந்தாகலாம் என்றும் 1822இல் எழுதினார். 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் ஊரில் பன்றியிறைச்சி உண்ட இசைக்குழுவினர் நோயுற்றதை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம், இதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

மருந்தான வரலாறு

கெர்னரின் கணிப்பை மெய்ப்பித்தவர் சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைச் சரிசெய்ய, இந்த நச்சைக் குரங்குகளில் சோதித்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் மனிதர்களுக்கும் செலுத்தினார். மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்பு நோய்க்கும் 1989இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

1987இல் கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸிடம் இமைத்துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், புருவங்களுக்கிடையே கோடுகள் மறைந்ததைக் கவனித்துச் சொன்னார். ஜீனும் அவர் கணவரான தோல் மருத்துவர் அலஸ்டரும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். 2002இல் புருவநடுக் கோடுகளுக்கும், 2013இல் கண்ணோரக் கோடுகளுக்கும், 2017இல் நெற்றிக் கோடுகளுக்கும் அமெரிக்காவில் போடாக்ஸுக்கு ஒப்புதல் கிடைத்தது.

செயல்படும் விதம்

தசையைச் சுருங்கச் செய்யும் அசிட்டைல்கோலின், நரம்பு நுனியிலிருந்து வெளிவராமல் இந்த நச்சு தடுக்கிறது. தசை தளர, அதன் மேலுள்ள தோல் மடிப்பும் இளகுகிறது. சில நாட்களில் பலன் தெரியும். நரம்பு நுனி மீண்டும் இயங்கத் தொடங்குவதால் 3 முதல் 4 மாதங்களில் குறையும். முகம் சுளிக்கும்போது விழும் கோடுகளுக்கே இது ஏற்றது; வெயிலால் தோன்றும் கரும்புள்ளிகளை நீக்காது.

பாதுகாப்பு

ஊசி போட்ட இடத்தில் இரத்தக்கட்டு, தலைவலி, தற்காலிக இமைத்தொய்வு நேரலாம். நச்சு மற்ற இடங்களுக்குப் பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்படலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை 2009இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. கர்ப்பிணிகளும், தசைக்களைப்பு நோய் போன்ற நரம்புத்தசைக் கோளாறு உடையவர்களும் அழகுக்காக இதைத் தவிர்க்க வேண்டும். அளவும் இடமும் பிசகினால் ஆபத்து என்பதால், முகத்தசை அமைப்பை நன்கறிந்த தகுதிபெற்ற மருத்துவரே இந்த ஊசியைப் போட வேண்டும்.