அருணையில் ஒரு சொல்லாராய்ச்சி: மூவொருமையும் சச்சிதானந்தமும்

ஒரு சமயம் புதிய நாட்டில் கால் ஊன்றும்போது அதற்கு முதலில் வேண்டுவது சொல். பழஞ்சொல்லை எடுத்தாண்டால் பழம்பொருளும் உடன் வரும். அயற்சொல்லை அப்படியே வைத்தால் கேட்போர்க்கு விளங்காது. கிறித்தவ இறையியலின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்விடர்ப்பாட்டின் வரலாறே எனலாம். அதன் அண்மைக்கால அத்தியாயம் ஒன்று நம் திருவண்ணாமலையில் நிகழ்ந்தது.

1949 சனவரியில் இரமணாசிரமத்துக்குப் பிரெஞ்சு நாட்டுக் குருமார் இருவர் வந்தனர். ஒருவர் ஜூல்ஸ் மோன்சானின். மற்றவர் ஆன்றி லெ சோ. மறு ஆண்டு மார்ச்சில் இவ்விருவரும் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். அவ்வாண்டு ஏப்ரல் 14 அன்று இரமணர் மறைந்தார். அதன் பின்னும் லெ சோவை மலை விடவில்லை. 1952 முதல் அவர் பன்முறை வந்து அருணைக் குகைகளில் தனித்திருந்தார். அவர் பூண்ட பெயர் அபிஷிக்தானந்தர். 'கிறிஸ்து' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும், 'மெசியா' என்பதன் எபிரேய மூலத்துக்கும் திருப்பொழிவு பெற்றவர் என்பதே பொருள். அதையே வடமொழியில் 'அபிஷிக்தர்' என்றார். ஆக, அவர் பெயரே ஒரு மொழிபெயர்ப்பாகும்.

ஆசிரமத்தின் பெயரும் அத்தகையதே. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளைச் சத்து, சித்து, ஆனந்தம் என உரைக்கும் வழக்கை வங்கத்தில் கேசவ சந்திர சென் 1882இல் எடுத்துக்காட்டினார். பிரம்மபாந்தவ உபாத்தியாயர் 1898இல் அப்பெயரால் வடமொழிப் பாடலே இயற்றினார்.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. சத்து, சித்து, ஆனந்தம் என்பன ஒரே மெய்ப்பொருளின் இயல்பைக் கூறுவன. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் நோக்கி அன்பு செய்வோர். இயல்புகள் ஒன்றையொன்று அன்பு செய்யுமோ?

இவ்வினா புதியதன்று. 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியுஸ் என்பாரின் பெயரால் வழங்கிய கொள்கை, மூவரும் ஒரே கடவுளின் மூன்று தோற்றங்களே என்றது. திருச்சபை அதனை மறுத்தது. மறுதலையாக, மகன் படைக்கப்பட்டவரே என்றார் ஆரியுஸ். 325இல் கூடிய நிசேயப் பொதுச்சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என அறுதியிட்டது. அதற்கு ஆண்ட 'ஹோமோஊசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல் விவிலியத்தில் இல்லாதது. அதனாலேயே பலர் தயங்கினர். 'ஹிப்போஸ்தாசிஸ்' என்ற சொல்லைச் சிலர் பொருள் என்றும், சிலர் ஆள் என்றும் கொண்டமையால், ஒரே கருத்தினரும் ஒருவரையொருவர் ஐயுற்றனர். 362இல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் கூட்டிய சங்கம் இரு சாராரையும் விளக்கம் கேட்டு, சொல் வேறாயினும் கருத்து ஒன்றே எனக் கண்டது. இலத்தீன் மொழியிலோ தெர்த்துல்லியன் முன்னரே 'திரினித்தாஸ்', 'பெர்சோனா' என்னும் சொற்களை ஆண்டிருந்தார். பின்னதற்கு நாடக முகமூடி என்னும் பொருளும் உண்டு. எம்மொழியிலும் குறையற்ற சொல் கிட்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

தமிழிலும் அதுவே நேர்ந்தது. 1578இல் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறிய காலந்தொட்டுச் சொல்தேட்டம் நிகழ்கின்றது. கத்தோலிக்கர் நெடுங்காலம் 'இஸ்பிரீத்து சாந்து' என்று செபித்து, பின்னர் 'தூய ஆவி' என்றனர். சீர்திருத்தச் சபையார் 'பரிசுத்த ஆவி' என்றனர். 'சர்வேசுரன்', 'பராபரன்', 'தேவன்', 'கடவுள்' என இறைவன் பெயரும் காலந்தோறும் மாறிற்று.

ஆசிரமம் கண்ட இருவரும் இறுதிவரை ஒரே முடிவிற்கு வரவில்லை. அத்துவிதத்துக்கும் மூவொருமைக்கும் இடையிலுள்ள பிளவு ஆழமானது என்ற எண்ணம் மோன்சானினுக்கு வலுத்தது. 1957இல் அவர் பாரிசில் மறைந்தார். அபிஷிக்தானந்தரோ அருணையில் பெற்ற அநுபவத்தையும் திருப்பலியையும் ஒருங்கே பற்றி நின்று, 1973இல் இந்தூரில் மறையும்வரை அவ்விழுபறியைத் தாங்கினார். சொல்லளவில் எளிதாய் இணைந்தவை, வாழ்வில் அத்துணை எளிதாய் இணையவில்லை.

எனினும் அம்முயற்சி வீணன்று. பொருத்தமான சொல் ஒன்று இரு மரபுகளையும் ஒரே இடத்தில் நிறுத்துகின்றது. எங்கே ஒத்துள்ளன, எங்கே வேறுபடுகின்றன என்று வினவ வைக்கின்றது. அலெக்சாந்திரியச் சங்கம் கற்பிப்பதும் இதுவே: மறுப்பதற்கு முன், அச்சொல்லால் நீ கருதுவது யாது என்று கேட்டல் வேண்டும்.