தென்பெருங்கடல் திமிங்கல ஆய்வு

அன்டார்ட்டிகாவைச் சூழ்ந்த கடலில் வாழும் பெருந்திமிங்கலங்களின் எண்ணிக்கை, வயது, இனப்பெருக்கம், வலசை ஆகியவற்றைக் கணித்து, வேட்டைக்கு வரம்பு வகுக்கவெனத் தொடங்கி இன்றும் தொடரும் அறிவியல் பணி.

தொடக்கம்: தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரிட்விக்கனில் 1904இல் நார்வே நாட்டவரான லார்சன் வேட்டை நிலையம் அமைத்தார். வேட்டை பெருகவே, திமிங்கல எண்ணெய்மீது விதித்த வரியைக் கொண்டு பிரித்தானியா 1925இல் 'டிஸ்கவரி ஆய்வுகள்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஸ்டான்லி கெம்ப். மெக்கின்டாஷ், வீலர் முதலிய ஆய்வாளர்கள், கொழுப்பை அறுத்தெடுக்கும் தளத்திலேயே நின்று உடல் நீளம், வயிற்றிலிருந்த இரை, கருவின் அளவு ஆகியவற்றைக் குறித்தனர். முட்டை வெளியேறும் ஒவ்வொரு முறையும் சூலகத்தில் ஒரு தழும்பு விழும். அது ஆயுள் முழுதும் மறையாது. அத்தழும்புகளை எண்ணிப் பெண் திமிங்கலத்தின் வயதை மதிப்பிட்டனர். செவித்துளையை அடைத்திருக்கும் மெழுகுக் கட்டியில் மரத்தின் ஆண்டு வளையம்போல் அடுக்குகள் இருப்பதை 1955இல் ஆய்வாளர் பர்வஸ் காட்டியபின் இருபாலாரின் வயதையும் அறிய வழி பிறந்தது.

குறியிடல்: முதலில் பயன்படுத்திய ஆணி வடிவக் குறிகள் கொழுப்பில் நிலைக்காமல் உதிர்ந்தன. பின்னர் சாணளவு நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழல்கள் துப்பாக்கியால் முதுகுத் தசையில் செலுத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும், திருப்பி அனுப்புவோர்க்கு வெகுமதி உண்டு என்ற அறிவிப்பும் பொறிக்கப்பட்டிருந்தன. அறுக்கும்போது தப்பிய குழல்கள் சில, எண்ணெய் காய்ச்சும் கொப்பரையின் அடியில் கிடைத்தன. குறியிட்ட இடத்தையும் கிடைத்த இடத்தையும் ஒப்பிட்டு வலசைப் பாதைகள் அறியப்பட்டன.

வரம்பு: இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முதல் வேட்டைப் பருவத்துக்கு (1945–46) 16,000 'நீலத் திமிங்கல அலகு' வரம்பாக்கப்பட்டது. ஒரு நீலத் திமிங்கலம் இரண்டு துடுப்புத் திமிங்கலங்களுக்கோ ஆறு சேய் திமிங்கலங்களுக்கோ ஈடு. எண்ணெயை அளக்கப் பிறந்த இவ்வலகு, அருகிவரும் இனத்தைத் தனியே காக்க இடந்தரவில்லை. பன்னாட்டுத் திமிங்கல வேட்டை ஆணையம் 1960இல் அமைத்த ஆலன், சாப்மன், ஹோல்ட் ஆகிய அறிவியலாளர் மூவர் குழு (பின்னர் கல்லண்டும் சேர்ந்தார்), வேட்டைக் கணக்கையும் வயதுத் தரவையும் கொண்டு, பிடிப்பை வெகுவாகக் குறைக்க வேண்டும் என 1963இல் நிறுவியது. வேட்டை நாடுகள் தயங்கிய அப்பருவங்களில் பேரழிவு தொடர்ந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் சோவியத் கப்பல்கள் தெற்கில் கொன்ற கூனல் திமிங்கலங்கள் மொத்தம் ஏறத்தாழ 48,000. அவை கணக்கில் காட்டியது 3,000க்கும் குறைவு. இம்மோசடியை 1993இல் ரஷ்ய உயிரியலாளர் யாப்லகவ் வெளிப்படுத்தினார். ஒருகாலத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேலிருந்த அன்டார்ட்டிக் நீலத் திமிங்கலங்கள் 1970களின் தொடக்கத்தில் சில நூறாயின.

இன்றைய நிலை: 1982இல் முடிவான வணிக வேட்டைத் தடை 1985–86 முதல் நடப்பில் உள்ளது. ஆராய்ச்சி என்ற பெயரில் ஜப்பான் நடத்திய வேட்டையை நிறுத்துமாறு 2014இல் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒளிப்படம், தோல் மாதிரி, ஒலிப்பதிவு ஆகியவற்றால் இன்று திமிங்கலத்தைக் கொல்லாமலே கணக்கெடுக்கின்றனர்.