பந்துக்குத் தீட்டில்லை!

கை தொட்டால் தீட்டு, காற்றுப் பட்டால் தீட்டு என்று கதைத்த சனாதனம், ஒரு சிவப்புப் பந்தின் முன்னே வாயடைத்து நின்ற வரலாறு உண்டு. அந்தப் பந்தை வீசிய கை, பல்வங்கர் பாலு என்னும் மாவீரனின் கை.

1876-ல் தார்வாரில் பிறந்தவர் பாலு. தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் காட்டி, தீண்டாதோர் என ஊர் ஒதுக்கிய குலத்தில் தோன்றியவர். பூனாவில் வெள்ளையர் மன்றத்தின் ஆடுகளத்தைச் சீர்செய்யும் வேலை. திங்களுக்கு நான்கு ரூபாய் கூலி. கிரெய்க் என்ற வெள்ளை ஆட்டக்காரருக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார். வீசலாம், மட்டை பிடிக்கத்தான் அங்கே வாய்ப்பில்லை!

வெள்ளையரை வீழ்த்த வேண்டும் என்ற வேட்கை வந்ததும், பூனாவின் இந்து அணி பாலுவைத் தேடியது. களத்திலே அவர் தொட்ட பந்தை உயர்சாதியாரும் தொட்டனர். இடைவேளை வந்ததும் வந்தது தீட்டு! மற்றவர்க்கு மண்டபத்தினுள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே மண் குவளை. வெற்றி தரும் பந்துக்கு இல்லாத தீட்டு, தேநீருக்கு எப்படி வந்தது? சாத்திரம் சொன்னதா, சுயநலம் சொன்னதா?

1906-ல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது. பாலுவும் தம்பி சிவராமும் அந்த அணியில் ஆடினர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்குத் தலைவர் பாட்டியாலா மகாராசா. விக்கெட்டுகளை வீழ்த்தி அணியின் மானம் காத்தவரோ பாலு. அந்தப் பயணத்தில் அவர் வீழ்த்தியவை நூற்றுக்கும் மேல்!

புகழ்ந்தார்கள், பாராட்டினார்கள். தலைமைப் பதவியை மட்டும் தர மறுத்தார்கள். உழைப்புக்கு அவன், உயர்வுக்கு இவன் என்பதுதானே வருணாசிரமத்தின் கணக்கு!

1920-ல் பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். தம்பியர் சிவராமும் விட்டலும் குமுறினர். "ஆட மாட்டோம்" என்று வெளியேறினர். கெஞ்சவில்லை, மறுத்தனர். அந்த மறுப்பின் பின்னரே பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். 1923-ல் விட்டலே தலைவரானார். அவர் தலைமையில் இந்து அணி ஐரோப்பியரை வென்றது. அண்ணனுக்கு மறுக்கப்பட்ட அரியணை தம்பிக்குக் கிடைத்தது.

பிற்காலத்தில் பாலு அரசியலில் நுழைந்தார். 1937-ல் பம்பாய்த் தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அவர் அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர் பட்ட இழிவை மறக்கவும் வேண்டியதில்லை. 1955-ல் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! திறமை வளர்ந்தால் சாதி தானே சாயும் என்பார்கள். பாலுவின் திறமையில் குறை ஏது? ஆனாலும் குவளை மாறியதேயன்றி, தலைமை தானாக வரவில்லை. தம்பியரின் தன்மான மறுப்பே பூட்டிய கதவைத் தட்டித் திறந்தது. திறமை தேவை, அதனினும் தேவை, தன்மானம்!