மன்னாரில் தங்குமிடம்

சென்ற வருடம் ஒரு காணி உறுதி விடயமாக நான் மன்னாருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு நாளில் முடியாத அலுவல். இரண்டு இரவாவது தங்க வேண்டும். கற்பிட்டியிலிருந்து புத்தளம் வந்து, அநுராதபுரம், மதவாச்சி என்று பஸ் மாறி மாறிப் போகிறவனுக்கு அன்றைக்கே திரும்பிவருவது நடக்கிற காரியமில்லை.

புத்தளத்திலிருக்கும் என் மாமா மகனுக்கு ஃபோன் எடுத்தேன். "மச்சான், மன்னார் டவுனில நல்ல லொட்ஜ் எது?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தான். "எருக்கலம்பிட்டியில பிறந்தவனிட்டயா மன்னார்ல லொட்ஜ் கேட்கிறா?" என்றான்.

சிரிப்பு அடங்கிய பிறகு முறையாகவே சொன்னான். பஸ் நிலையத்துக்குக் கிட்டவாகப் பார். பள்ளிவாசலுக்கு நடந்துபோகிற தூரமாக இருக்கட்டும். குளிக்கிற தண்ணீர் சவர்த் தண்ணீரா என்று முதலிலேயே குழாயைத் திறந்து பார். லொட்ஜில் சாப்பிடாதே, மூர்வீதிப் பக்கம் போ. அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நான் அங்க போனா எங்க தங்குறேன் எண்டு நினைச்சா?" என்று திருப்பிக் கேட்டான்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். என் உம்மா எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். அவர் உயிரோடிருந்த காலத்தில் மன்னாரில் எங்கே தங்குவது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. உறவு வீடு இருக்கும் ஊரில் லொட்ஜ் தேடுவது அவருடைய கண்ணில் அந்த உறவை அறுப்பதற்குச் சமம். அப்படியானால், உறவு இல்லாத வெளியூர்க்காரன் மன்னாருக்கு வந்தால் எங்கே தங்கினான், எங்கே சாப்பிட்டான்? வந்துபோகிறவர்களை வைத்தே வாழ்ந்த ஒரு கரைக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

மன்னாரின் வரலாறு தீவிலிருந்து தொடங்கவில்லை. எதிர்க்கரையில் திருக்கேதீஸ்வரத்தை ஒட்டிய மாந்தையிலிருந்து, பழைய மாதோட்டத்திலிருந்து தொடங்குகிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு அகழ்வாய்வு நடந்தது. மேற்காசியாவின் மெருகிட்ட மட்பாண்டங்களும் சீனத்துப் பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. கிழக்கிலிருந்து வந்த சரக்கும் மேற்கிலிருந்து வந்த சரக்கும் கைமாறிய இடம் அது. காற்றை நம்பி ஓடிய மரக்கலக்காரன் வந்த அன்றே திரும்பிப் போக முடியாது. அடுத்த பருவக்காற்றுவரை மாதக்கணக்கில் கரையில் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலிருந்துதான் இந்தக் கரையின் முஸ்லிம் குடியிருப்புகள் பல உருவாகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை அரபு வணிகர் கொண்டுவந்ததாக ஊரார் சொல்வார்கள். மன்னார்த் தெருக்களில் இன்றும் திரியும் கழுதைகளுக்கும் அதே கதைதான். நிரூபிக்க முடியாவிட்டாலும், வந்தவன் நெடுங்காலம் தங்கினான் என்ற நினைவு அந்தக் கதைகளில் இருக்கிறது.

எழுத்தில் கிடைக்கும் விருந்தோம்பலுக்கு இப்னு பதூதாவைப் பார்க்கலாம். மாலைதீவிலிருந்து மஃபருக்குப் புறப்பட்ட அவரை 1344இல் காற்று இலங்கையின் மேற்குக் கரைக்குத் தள்ளியது. அவர் பத்தாலா என்று எழுதும் ஊரைப் புத்தளம் என்று அடையாளம் காண்கிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தி அவரை மூன்று நாள் விருந்தினராக வைத்திருந்து, முத்துக்கள் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் பல்லக்கும் துணையாட்களும் தந்து அனுப்பினான். விருந்தினரின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தர்மம் என்பது நபிமொழி. அந்த ஹதீஸை அறிந்திருக்க வாய்ப்பில்லாத ஓர் அரசன் அந்தக் கணக்கில் குறை வைக்கவில்லை.

பிறகு கோட்டைக்காரர்கள் வந்தார்கள். தீவின் வாசலில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1696இல் திருத்திக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயர் காலத்து ஏற்பாடுதான் வாடிவீடு. சுற்றிவரும் அதிகாரிக்குக் கட்டில், மேசை, சமையற்காரன் எல்லாம் ஆயத்தமாக இருக்கும். அரசாங்க அலுவலில் வருபவருக்கே முதல் உரிமை. மற்றவர்களுக்கு இடமிருந்தால் இடம். அதே காலத்தில் இந்தக் கரையில் இறங்கிய இன்னொரு கூட்டத்துக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோணிகளில் வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே கால்நடையாகப் போன தோட்டத் தொழிலாளர்கள் அவர்கள். வழியில் ஓலைக் கொட்டில்களும் கிணறுகளுமே அவர்களுக்குக் கிடைத்தவை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் எத்தனையோ பேர் அந்தப் பாதையிலேயே மடிந்தார்கள். எங்கே தங்கலாம் என்பதை அன்று தீர்மானித்தது பணம் மட்டுமல்ல, ஆளின் தரமும்தான்.

வாடி என்றதும் எங்கள் கரையோர மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடற்கரைக் கொட்டில்தான். மீன்வாடி, கருவாட்டு வாடி என்போம். அந்த வாடிகளே ஒரு நகரமாகிய அதிசயம் மன்னார்ப் பெருநிலத்தில் நடந்தது. சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் வெறும் மணலில் சில வாரங்களில் ஊர் எழும். கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, மறியற்கூடம், நீண்ட கடைத்தெரு எல்லாம் கம்பும் ஓலையுமாக நிற்கும். கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா என்று எல்லாத் திசையிலிருந்தும் சம்மாட்டிகளும் முத்துக்குளிப்போரும் வணிகரும் வந்து கூடுவார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அடுத்த ஆண்டு மரிச்சுக்கட்டியில் அதிகாரியாக வேலை பார்த்த லெனார்ட் வூல்ஃப், அரபு முத்துக்குளிப்போரைப் பற்றித் தம் தன்வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்த ஆயிரக்கணக்கான வாய்களுக்குச் சோறு போட்டவர்கள் யார்? யார் அடுப்பு மூட்டினார்கள், அரபுக்காரனுக்கு எந்தக் கடைச் சாப்பாடு பிடித்தது? அதிகாரிகளின் அறிக்கைகளில் சிப்பிக்குக் கணக்கிருக்கிறது; சோற்றுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? 1907க்குப் பிறகு அந்த அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஓலை நகரம் காற்றோடு போயிற்று.

1914 மார்ச் முதலாம் திகதி தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. ஒரு வாரத்துக்கு முன்புதான் பாம்பன் பாலம் திறக்கப்பட்டிருந்தது. சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னார் இறங்குதுறையில் மீண்டும் ரயிலேறி, கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். கொழும்பில் கடை வைத்திருந்த கீழக்கரை, காயல்பட்டினத்துச் சம்மான்காரர்களுக்கு இதுவே ஊருக்குப் போகும் வழி. தோட்டத் தொழிலாளர்களோ மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதிக்கப்பட்ட பிறகே கப்பலைக் கண்டார்கள்.

இந்த வழி வந்ததும் மன்னார் தங்குகிற ஊராக இல்லாமல் கடந்துபோகிற ஊராக மாறியது. இறங்குதுறையில் ஒரு தேத்தண்ணி, ஒரு பொட்டலம் சோறு, சுங்கம், ரயில். அவ்வளவுதான். கப்பல் பிந்திய நாட்களில் மட்டும் தலைமன்னார்க் கடைகளில் இடம் கிடைக்காது என்று உம்மா சொல்வார். இலங்கையில் ஹோட்டல் என்ற சொல்லுக்குச் சாப்பாட்டுக்கடை என்ற பொருள் நிலைத்ததைத் தமிழ்நாட்டு நண்பர்கள் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை, அவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் "முஸ்லிம் ஹோட்டல்" என்ற பெயர்ப்பலகை எங்கள் நாட்டில் மதத்தை மட்டும் குறிப்பதில்லை. இடியப்பமும் ரொட்டியும் இறைச்சிக் குழம்பும் நேரம் தப்பிய நேரத்திலும் கிடைக்கும் என்று எல்லாச் சமூகத்துப் பயணிக்கும் அது சொல்லும்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலும் கடலுக்குள் போனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. 1980களின் நடுப்பகுதியில் யுத்தம் அதையும் நிறுத்தியது.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் நடந்ததை இந்த இதழின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். சுமார் 75,000 பேர் வெளியேறினார்கள்; மன்னார் மாவட்டத்து மக்களே அவர்களில் அதிகம். எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் மௌத்தாகும்வரை இந்த மக்களின் இழப்பைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்யும் வேலையை விடவில்லை.

தீவு மக்கள் பலர் வள்ளங்களில் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்தார்கள். அன்று கற்பிட்டிக் கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். நனைந்த உடுப்போடு இறங்கிய பெண்களையும் பிள்ளைகளையும் பார்த்தபோது யார் உறவு, யார் அந்நியர் என்று எவரும் கேட்கவில்லை. பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் இடம் கொடுத்தோம். பெரிய சட்டிகளில் சோறாக்கி சஹனில் போட்டு, ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர், எட்டுப் பேர் என்று உட்காரவைத்தோம். எங்கள் வீட்டில் மட்டும் இருபத்து மூன்று பேர். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். மூன்று நாள் மூன்று வருடமாகி, முப்பது வருடத்தைத் தாண்டியது. விருந்தினரும் வீட்டுக்காரரும் கிணற்றுக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலிவேலைக்கும் போட்டியிட நேர்ந்ததையும், மனக்கசப்புகள் வந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. உதவியதை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது.

2009இல் யுத்தம் முடிந்தது. 2010இல் தீவுக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னார்வரை ரயில்பாதை மீண்டது. பறவை பார்க்க வருபவர்கள், கோட்டையைப் படமெடுக்க வருபவர்கள், தொண்டு நிறுவனத்தார் என்று ஆட்கள் வரத் தொடங்கினர். அவர்களுக்காக லொட்ஜுகளும் வந்தன. மீளக் குடியேறியவர்களும் உண்டு. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை விட்டுப் போக முடியாமல் இரண்டு ஊருக்கும் நடுவே அலைபவர்களும் உண்டு. என் மச்சான் இரண்டாவது வகை.

அவன் சொன்னபடியே நகரத்துக்குள் ஒரு லொட்ஜைப் பிடித்தேன். குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் பரவாயில்லை. முகப்பிலிருந்த இளைஞர் பதிவேட்டை நீட்டி, "ஐயா, பேரையும் நிரந்தர முகவரியையும் எழுதுங்கோ" என்றார். என் கற்பிட்டி முகவரியை எழுதும்போது அதே பக்கத்தில் மேலே கண் போனது. நான்கு முஸ்லிம் பெயர்கள். நான்கிலும் நிரந்தர முகவரி புத்தளம். வந்த நோக்கம் என்ற இடத்தில் இருவர் காணி அலுவல் என்றும், ஒருவர் மையத்து என்றும், ஒருவர் கல்யாணம் என்றும் எழுதியிருந்தார்கள். உல்லாசப் பயணி எவரும் மன்னாருக்கு மையத்துக்காக வருவதில்லை.

இரவு உப்புக்குளப் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடைக்குப் போனேன். புட்டும் நண்டுக் குழம்பும் கிடைத்தன. உம்மாவின் கைப்பக்குவம் என்று சொல்லமாட்டேன், ஆனால் தேங்காய்ப்பாலை விடும் விதம் ஒன்றுதான். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டு, "நானாக்கு எந்த ஊர்?" என்றார். சொன்னேன். அவரும் புத்தளத்தில் பதினெட்டு வருடம் இருந்து திரும்பியவர். பணம் வாங்க மறுத்தார். "1990இல உங்கட ஊர்ல எத்தனை நாள் சாப்பிட்டிருப்பம், அதுக்கெல்லாம் பில் போட்டீங்களா?" என்றார். வற்புறுத்தி மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மச்சான் முன்பொருமுறை பள்ளியில் ஓர் ஆலிமிடம் கேட்டானாம்: "நான் பிறந்த ஊருக்கு வந்து லொட்ஜில தங்குறன். முஸாஃபிரா கஸ்ர் தொழுறதா, முழுசாத் தொழுறதா?" அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்: "நீங்க இப்ப நிரந்தரமாக் குடியிருக்கிற ஊர் எது?" பதில் சொல்லத் தெரியாமல் முழுதாகவே தொழுதுவிட்டு வந்ததாகச் சொன்னான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைமன்னார் இறங்குதுறையிலும் மன்னார்ப் பட்டினத்திலும் சாப்பாட்டுக்கடை நடத்திய குடும்பங்களின் முதியவர்கள் சிலர் இன்னும் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இருக்கிறார்கள். கடையின் பெயர், அது நின்ற இடம், யார் யார் வந்து சாப்பிட்டார்கள், என்ன விலை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவையுங்கள். நான் இரண்டு பேரிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்றாமவரைப் போன மாதம் பார்க்கப் போனேன். வீட்டில் கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள்.