தொலைக்காட்சிச் சொற்போரும் பென்னாகரத் தேர்தலும்

பட்டிமண்டபம் என்னுஞ் சொல் மணிமேகலையில் பயின்று வருகின்றது. சமய நூல் வல்லார் ஆண்டு ஏறித் தம் கொள்கையை நிறுவுதலும் பிறர் கொள்கையை மறுத்தலும் அக்கால வழக்கு. எதிர்வாதி வாராதவழி வாதம் என்பதே இல்லை. தொலைக்காட்சி அரசியல் விவாதத்தின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் ஆராய்வார்க்கு இவ்வொன்றே சிறந்த அளவுகோல் எனக் கருதுகின்றோம்.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தோன்றிற்று. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. எனினும், கட்சியினரை இரவுதோறும் எதிரெதிர் அமர்த்தும் வழக்கம் வேரூன்றியது 2011 ஆகஸ்டில் புதிய தலைமுறை தொடங்கிய பின்னரேயாம். அதன் 'நேர்படப் பேசு', தந்தி தொலைக்காட்சியின் 'ஆயுத எழுத்து' முதலியன பெயர் பெற்றன. 2006 முதல் அரசு வழங்கிய இலவச வண்ணப் பெட்டிகளும், 2011இல் திங்களுக்கு 70 ரூபாய்க்குக் கிடைத்த அரசு கேபிள் இணைப்பும் இவ்வரங்கைச் சிற்றூர் இல்லங்கட்கும் கொண்டு சேர்த்தன.

இவ்வளர்ச்சியின் எல்லையைத் தருமபுரி மாவட்டம் காட்டிற்று. 2014இல் தருமபுரி மக்களவைத் தொகுதியில் வென்ற அன்புமணி இராமதாசு, 2016இல் பாட்டாளி மக்கள் கட்சியின் முதல்வர் வேட்பாளராகப் பென்னாகரத்தில் நின்றார். ஏனைக் கட்சித் தலைவர்களை நேருக்கு நேர் விவாதத்திற்கு அழைத்தார். அவ்விவாதம் நிகழவில்லை. பென்னாகரத்தில் தி.மு.க.வின் இன்பசேகரன் வென்றார், பா.ம.க. ஓரிடமும் பெறவில்லை. விவாதம் நிகழாமையே தோல்விக்குக் காரணம் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. அழைப்பை மறுத்தார்க்கு இழப்பு யாதும் நேர்ந்திலது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அமெரிக்காவிலும் 1960இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் எதிர்நின்ற பின்னர், 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களில் அத்தகு விவாதம் நிகழவில்லை, 1976இலேயே மீண்டது. வருதல் வேட்பாளரின் விருப்பமாக இருக்கும்வரை வாக்காளர் கேட்டல் உரிமையன்று, பேறேயாம்.

பின்னர் அரங்கமே இடர்ப்பட்டது. 2018 ஜூன் 8ஆம் நாள் புதிய தலைமுறை கோவையில் பொதுமக்கள் முன் நடத்திய விவாதத்தில் பூசல் எழ, காவல்துறை அந்நிறுவனத்தின் மீதும் வழக்குப் பதிந்தது. பேசுவோரோடு மேடையிட்டாரையும் பற்றிய இச்செயல் விந்தையே. 2021 ஜூலையில் அ.தி.மு.க. தலைமை, தம் கட்சியினர் எவரும் தொலைக்காட்சி விவாதங்களிற் பங்கேலார் என அறிவித்தது.

கட்சியார் ஒழிந்த இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கவில்லை. 'ஆதரவாளர்', 'அரசியல் விமர்சகர்', 'சிந்தனையாளர்' என்னும் அடைமொழிகளோடு பிறர் வந்தமர்ந்தனர். இவ்வடைமொழிகள் தனித்து ஆராயத்தக்கன. கட்சியின் செய்தித் தொடர்பாளர் சொல் கட்சியைக் கட்டும். மறுநாள் அதற்கு விடை கேட்கலாம். ஆதரவாளர் சொல் எவரையும் கட்டாது. அவர் தோற்பினும் கட்சி தோற்பதில்லை. வாதம் இரவுதோறும் நடந்தது. விடை கூறக் கடமைப்பட்டார்தாம் ஆண்டு இலர்.