கப்பலுக்கு அடியில் என்ன நாற்றம்? மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வரலாறு

பாய்மரக் கப்பல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? விரிந்த வெள்ளைப் பாய், நீலக் கடல், கையில் தொலைநோக்கியோடு கம்பீரமாக ஒரு கேப்டன். ஆங்கிலப் படங்கள் அப்படித்தான் நமக்குப் பழக்கி வைத்திருக்கின்றன. அந்தப் படங்கள் காட்டாத (காட்டவும் முடியாத!) ஒரு விஷயம் உண்டு. நாற்றம்!

சாதாரண நாற்றம் இல்லை நண்பர்களே. முந்நூறு ஆண்டுகள் அதை ஒழிக்க மன்னர்களின் கடற்படைகளும், பாதிரியார்களும், மருத்துவர்களும், விஞ்ஞானிகளும் மாறி மாறிப் போராடியிருக்கிறார்கள். அந்தப் போராட்டத்தின் கதைதான் இது. சிரிக்க வைக்கும் என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

நாற்றம் எங்கிருந்து வந்தது?

மரக்கப்பல் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் கொஞ்சமாவது கசியும். கசிந்த கடல்நீர் எல்லாம் கீழே இறங்கி, கப்பலின் அடிவயிற்றில் தேங்கும். அந்த இடத்துக்கு பில்ஜ் என்று பெயர். கப்பல் கவிழாமல் இருக்க அடியில் பாரம் வேண்டும் அல்லவா? அதற்காக டன் கணக்கில் கூழாங்கல்லும் மணலும் கொட்டி வைத்திருப்பார்கள். தேங்கிய தண்ணீர் அந்தக் கற்களுக்கு நடுவே ஊறிக் கிடக்கும்.

வெறும் கடல்நீர் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பீப்பாயிலிருந்து ஒழுகிய பீர், உப்புக்கண்டத்தின் சாறு, செத்த எலி, மேல் தட்டைக் கழுவிய தண்ணீர், சோம்பேறிகள் இருட்டில் கழித்த சிறுநீர், எல்லாமே கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். தண்ணீர் பம்பை நோக்கி ஓட வேண்டும் என்பதற்காக அடிமரங்களில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அந்தத் துளைகள் குப்பையால் அடைத்துக்கொண்டால் அவ்வளவுதான், தண்ணீர் நகராது. பம்பை எவ்வளவு அடித்தாலும் ஒரு பகுதி அங்கேயே நிற்கும்.

இதற்குப் பின்னால் இருக்கும் வேதியியல் எளிமையானது. கடல்நீரில் சல்பேட் என்னும் உப்பு நிறைய இருக்கிறது. காற்றுப் புகாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், அழுகும் பொருளைத் தின்றுகொண்டு அந்த சல்பேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்கிறோமே, அதேதான். வெள்ளிப் பாத்திரங்களையும், ஈயம் கலந்த வெள்ளைப் பெயிண்டையும் கறுக்க வைக்கும் வாயு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் நூறு பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்கும் மேலே போனால் உயிர் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி அடையும் இடம்தான் உண்மையில் பயப்பட வேண்டிய இடம்!

இதில் ஒரு வேடிக்கை. நன்றாகக் கசியும் ஓட்டைக் கப்பல்கள்தான் நாற்றம் குறைவாக இருந்தன. புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், பம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். இறுக்கமாகக் கட்டிய நல்ல கப்பலில்தான் பழைய தண்ணீர் நாட்கணக்கில் நின்று அழுகியது. மாலுமிகள் இதைக் கவனித்தார்கள். அதனால் சில கேப்டன்கள் வேண்டுமென்றே குழாயைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை பம்ப் அடிக்கச் சொன்னார்கள். தண்ணீரை வெளியேற்றப் பாடுபடும் கப்பலில் தண்ணீரை உள்ளே விடுவது!

அடுப்பும் அடிவயிற்றிலேயே!

1545ல் மூழ்கி, 1982ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் சமையல் அடுப்பு எங்கே இருந்தது தெரியுமா? அடித்தளத்தில், பாரக் கற்களுக்கு மேலே! செங்கல்லால் கட்டிய இரண்டு பெரிய அடுப்புகள். அதாவது, பில்ஜ் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நானூறு பேருக்கு மேல் சமையல். அடுப்பின் சூடு அந்தச் சாக்கடையைக் கொதிக்க வைக்காத குறைதான். 1578ல் இங்கிலாந்துக் கடற்படையைச் சேர்ந்த வில்லியம் விண்டர் போன்றவர்கள் அடுப்பை மேலே முன்பக்கம் கொண்டுபோகச் சொல்லி வாதாடினார்கள். இது நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயிற்று.

அதுவரை அவர்கள் கையில் இருந்த வழி, கரைக்கு வந்து, கப்பலைக் காலி செய்து, நாறிப்போன கற்களை எல்லாம் வெளியே கொட்டி, அடியைத் தேய்த்துக் கழுவி, புதுக் கற்களை நிரப்புவது. பிற்காலத்தில் கற்களுக்குப் பதில் இரும்புக் கட்டிகள் வந்தபோது இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்தது.

மூன்று பேர், ஒரே நேரம்

அந்தக் காலத்தில் நாற்றம் வெறும் அசௌகரியம் இல்லை. நாற்றம்தான் நோய் என்று நம்பினார்கள். கெட்ட காற்று உடம்புக்குள் போய் காய்ச்சலை உண்டாக்குகிறது என்பதுதான் அன்றைய மருத்துவம். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். போர்க்கப்பலில் ஒரு மாலுமியின் தூங்கும் தொட்டிலுக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். நூற்றுக்கணக்கானவர்கள் அப்படித் தொங்கிய தட்டில் காய்ச்சல் வந்தால் வரிசையாகச் செத்தார்கள். பீரங்கிக் குண்டைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது.

1740களின் தொடக்கத்தில் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இதற்கு வழி சொன்னார்கள்.

ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ். லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டன் என்ற ஊரின் பாதிரியார். செடிகள் எப்படி நீரை உறிஞ்சுகின்றன என்று அளந்து 1727ல் புத்தகம் எழுதிய விஞ்ஞானியும் அவரே. கொல்லன் துருத்தி போன்ற பெரிய பெட்டிகளைச் செய்து, ஆட்கள் கையால் இயக்க, கீழே இருக்கும் காற்றை மாற்றலாம் என்றார். இரண்டாமவர் ஸ்வீடனைச் சேர்ந்த மார்டன் ட்ரீவால்ட். போர்க்கப்பல்களுக்காக அவர் செய்ததும் இதே மாதிரி ஒரு கருவிதான். மூன்றாமவர் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் சட்டன். மருத்துவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை.

எனக்குப் பிடித்தது சட்டனின் யோசனைதான். நெருப்பு எரியக் காற்று வேண்டும். கப்பலில் சமையல் அடுப்பு எப்படியும் எரிகிறது. அந்த அடுப்பின் அடியை மூடிவிட்டு, அதற்கான காற்று கப்பலின் அடிவயிற்றிலிருந்து குழாய் வழியாக மட்டும் வரும்படி செய்துவிட்டால்? அடுப்பே கெட்ட காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஆள் வேண்டாம், கூலி வேண்டாம், தனியாக விறகும் வேண்டாம். பி.காம் படிக்கும் எனக்கு இதைவிட அழகான செலவுக் குறைப்பு எதுவும் தோன்றவில்லை! ஆனால் அதிகாரிகள் அவரை அலைய விட்டார்கள். ரிச்சர்ட் மீட் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1742ல் ராயல் சொசைட்டியில் அவருக்காகப் பேச வேண்டியிருந்தது. கடைசியில் கடற்படையில் அதிகம் பரவியது ஹேல்ஸின் துருத்திதான்.

கேப்டன் குக் என்ன செய்தார்?

1772 முதல் 1775 வரை ரெசல்யூஷன் கப்பலில் உலகைச் சுற்றிய ஜேம்ஸ் குக், நாற்றத்தைத் தேடித் தேடி அடித்தவர். இரும்புச் சட்டியில் நெருப்பு மூட்டி, பம்ப் இருக்கும் குழியின் அடிவரை இறக்குவார். வெடிமருந்தை வினிகரிலோ தண்ணீரிலோ குழைத்துப் புகை போடுவார். தட்டுகளை ஈரமில்லாமல் வைப்பார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீண்ட பயணத்தில் 118 பேரில் நோயால் இறந்தவர் ஒரே ஒருவர். 1776ல் ராயல் சொசைட்டி அவருக்கு கோப்ளி பதக்கம் கொடுத்தது.

அப்படியானால் நாற்றத்தை ஒழித்தால் நோய் ஒழியும் என்பது நிரூபணமாகிவிட்டதா? இல்லை. அதே குக்கின் முதல் பயணத்தில், 1770 கடைசியில், எண்டெவர் கப்பல் பழுதுபார்க்க பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நின்றது. அங்கே தொற்றிய வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அங்கேயும் அதன் பிறகு கடலிலும் ஏறத்தாழ முப்பது பேரைக் கொண்டுபோயின. எவ்வளவு கழுவிய கப்பலும் ஊரின் அசுத்தத் தண்ணீருக்கும் கொசுவுக்கும் முன் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சரியான துடைப்பம், தவறான குற்றவாளி

கப்பல் காய்ச்சல் என்று அன்று சொன்னது பெரும்பாலும் டைஃபஸ். அதைப் பரப்பியது நாற்றம் இல்லை, பேன். இது 1909ல்தான் சார்லஸ் நிக்கோல் என்பவரால் தெரிய வந்தது. ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, புதிதாக வரும் மாலுமிகளைக் குளிப்பாட்டி, அவர்கள் துணிகளைச் சூடான அடுப்பறையில் வைத்து எடுக்கச் சொன்னார். துணியில் ஒட்டிய கெட்ட காற்று போகட்டும் என்று செய்தது. செத்தது பேன்! காரணம் தவறு, காரியம் சரி.

ஆனால் எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. ஜேம்ஸ் கார்மைக்கேல் ஸ்மித் என்ற மருத்துவர், அமிலத்திலிருந்து எழும் புகையைக் கப்பலுக்குள் பரப்பினால் தொற்று ஒழியும் என்றார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1802ல் அவருக்கு 5000 பவுண்டு பரிசே கொடுத்தது. ஒரு நாற்றத்தை இன்னொரு நாற்றத்தால் மூடியதற்கு அன்றைக்கு அது பெரிய தொகை. அடியில் தேங்கிய தண்ணீர் அங்கேயேதான் இருந்தது.

உண்மையான மாற்றம் வந்தது கட்டுமானத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் செப்பிங்ஸ் என்ற கப்பல் பொறியாளர், அடிப்பகுதியில் விலா மரங்களுக்கு இடையே இருந்த சந்துகளை எல்லாம் மரத்தால் அடைத்தார். அழுக்கு தேங்க இடம் இல்லை என்றால் அழுகுவதற்கும் ஒன்றும் இல்லை.

சிரிப்பு நின்ற இடம்

ஹேல்ஸின் துருத்தியைப் புகழ்ந்தவர்களில் ஹென்றி எல்லிஸ் என்ற கேப்டனும் ஒருவர். 1750களில் அவர் ஓட்டியது அடிமைக் கப்பல். துருத்தி இருந்ததால் தன் கப்பலில் சாவு குறைந்தது என்று ஹேல்ஸுக்குக் கடிதம் எழுதினார். பிறகு ஜார்ஜியாவின் கவர்னரும் ஆனார்.

அடிமைக் கப்பல்களின் கீழ்த்தட்டு எப்படி நாறியது என்பதை அந்தக் கப்பல்களில் மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ் 1788லும், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ 1789லும் எழுதியிருக்கிறார்கள். புரூக்ஸ் என்ற கப்பலின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், மனிதர்களை வரிசையாக அடுக்கி வைத்த அந்தப் படம். 1788ல் வந்த சட்டத்தின்படி அதில் ஏற்றக்கூடியவர்கள் 454 பேர். அதற்கு முன்பு ஒரு பயணத்தில் 609 பேர்வரை ஏற்றியிருந்தார்கள்.

இங்கே எனக்கு ஒன்று உறைத்தது. அங்கே நாற்றத்தின் காரணம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமே இல்லை. அத்தனை மனிதர்களைச் சங்கிலியால் கட்டி அடைத்ததுதான் காரணம். அதற்குத் தீர்வு துருத்தி இல்லை, திறந்துவிடுவதுதான். ஆனால் துருத்தி வைத்தால் 'சரக்கு' நஷ்டம் குறையும், பேரேட்டில் லாபம் கூடும். ஒரு நல்ல பாதிரியாரின் நல்ல கண்டுபிடிப்பு ஒரு கொடுமையை இன்னும் லாபகரமாக ஆக்கவும் உதவியது. கணக்குப் படிக்கிறவன் என்ற முறையில் இது எனக்குச் சும்மா கடந்துபோகிற செய்தியாக இல்லை. நாம் 'செலவு' என்ற தலைப்பில் எழுதும் வரிக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?

முந்நூறு ஆண்டு கழித்தும் விடவில்லை

கடைசியாக வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பல். 333 ஆண்டுகள் சேற்றில் கிடந்து 1961ல் மேலே வந்தது. நகரத்தின் சாக்கடை கலந்த அந்தத் துறைமுக நீரில் அதே பாக்டீரியாக்கள் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கிக்கொண்டிருந்தன. அதில் இருந்த கந்தகம் மெல்ல மெல்ல மரத்துக்குள் இறங்கியது. 2000ஆம் ஆண்டு மழை மிகுந்த கோடையில் அருங்காட்சியகத்தில் ஈரம் ஏற, மரத்தின் மேல் அமில உப்புகள் பூத்தன. ஆராய்ந்து பார்த்தால் மரத்துக்குள் சுமார் இரண்டு டன் கந்தகம் இருக்கலாம் என்று 2002ல் கணக்கிட்டார்கள். காற்றும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாக மாற்றிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு குளிர்சாதன வசதியை மேம்படுத்தி, ஆயிரக்கணக்கான இரும்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இன்றைக்கும் பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் நாற்றத்தைத் தேடிப் போனால் கடைசியில் வந்து நிற்பது இதே இடத்தில்தான். தேங்கிய தண்ணீர், அடைத்த துளை, கடல்நீர் நின்று அழுகும் கழிவறைக் குழாய். வாசனைத் திரவியம் தெளித்தால் ஒரு நாள் தாங்கும். குனிந்து, பலகையைத் தூக்கி, அடைப்பை எடுத்துக் கழுவினால்தான் தீரும்.

படகுக்கு மட்டுமா இது பொருந்தும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.