மலாயாப் பணமும் யாழ்ப்பாணச் சமுதாயமும்

பசியே மக்களைப் புறநாடு செலுத்தும் என்பர். தமிழகத்திலிருந்து மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு அது பெரிதும் பொருந்தும். யாழ்ப்பாணத்தாரைக் கப்பலேற்றியதோ ஆங்கிலக் கல்வி. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும் பின்னெழுந்த கல்லூரிகளும் ஆங்கிலங் கற்ற இளைஞரை உருவாக்கின. அவர்க்கேற்ற உத்தியோகங்கள் ஊரிற் சிலவே. நிலமும் முதுசமாகவும் சீதனமாகவும் துண்டுபட்டுச் சுருங்கிற்று.

1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. இலிகிதரும் நிலைய அதிபரும் நில அளவையாளரும் வேண்டப்பட்டனர். இலங்கைப் பொதுவேலைத் திணைக்களத்திற் பணியாற்றி, 1901 இல் மலாயப் புகையிரதப் பகுதித் தலைவரான ஸ்பூனர், தாமறிந்த யாழ்ப்பாணத்தாரையே விரும்பி அழைத்தார். அண்ணன் சென்றவிடத்துக்குத் தம்பியும் மைத்துனனும் சென்றனர்.

அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகள் விளைத்த மாற்றமே ஆராய்தற்குரியது. மண்வீடுகள் கல்வீடுகளாயின, கோயில்கள் திருப்பணி கண்டன, பாடசாலைகள் நன்கொடை பெற்றன. சீதனமும் உடனுயர்ந்தது. மலாயா மாப்பிள்ளையின் பெருமையைப் பேசிய நம்மவர், பெண்ணைப் பெற்றவர் பட்ட கடனை அத்துணை பேசினாரல்லர்! 1942 இல் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றவே, பணமும் கடிதமும் நின்றன. எத்தனை வீடுகள் அந்நியநாட்டுச் சம்பளத்தில் அடுப்பெரித்தன என்பது அப்போதுதான் புலனாயிற்று.

எனினும் மலாயா சென்றோருட் பலர் திரும்பினர். ‘மலாயாப் பென்சனியர்’ என்றொரு வகுப்பாரே ஊரில் இருந்தனர். 1983 இன் பின் போரினாற் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர்ந்தோரின் நிலை வேறு. அவர்கள் குடும்பத்தோடு வேரூன்றிவிட்டனர். பணம் இன்றும் வருகின்றது, கோபுரங்களும் எழுகின்றன. ஆயின் போதிய பிள்ளைகளின்றி வடமாகாணத்துச் சிறு பாடசாலைகள் சில மூடப்பட்டுள்ளன.